பிரேக் மிதித்தால் முன் இண்டிகேட்டர் எரிகிறது: பல வருஷம் நின்ற மோரிஸ் மைனர்

மைனர்66
மார்ச் 2, இரவு 11.05

1966 மோரிஸ் மைனர் 1000, நாலு கதவு. பல வருஷம் கவர் போட்டு நின்ற வண்டி. எஞ்சின் ஓடுது, பிரேக் பிடிக்குது. லைட்டுலதான் தகராறு. பிரேக் மிதிச்சா இடது பக்கம் முன் இண்டிகேட்டர் மங்கலா எரியுது. வலது இண்டிகேட்டர் சிமிட்டுது, இடது ஒழுங்கா சிமிட்டல. ஹெட்லைட் ரெண்டும் மஞ்சள். ஹார்ன் பேச்சு மூச்சு இல்ல. சார்ஜ் சிவப்பு லைட் அணையவே மாட்டேங்குது. மொத்த ஒயரிங்கையும் இங்கிலாந்திலிருந்து வரவழைச்சு மாத்தணும்னு இங்கே சிங்கப்பூர்ல ஒரு பட்டறையில சொல்றாங்க. மாத்திடலாமா?

ஒயர்மேன்
மார்ச் 2, இரவு 11.40

வேண்டாம் தம்பி. புது ஒயர் செட் வந்தாலும் அதே துருப்பிடிச்ச விளக்குக் கிண்ணத்துலதான் போய் முடியும். 1966 வண்டின்னா பிவிசி உறை. விரலால வளைச்சுப் பாரு, வெடிக்கலன்னா ஒயர் பிழைச்சிருக்கு. ஐம்பதுகளின் ஆரம்ப வண்டின்னா துணி சுத்தின ரப்பர் ஒயர். உள்ளே ரப்பர் பொடியாகியிருக்கும், அதுக்கு மட்டும் முழு செட் மாத்தறது நியாயம்.

இப்போதைக்குப் பேட்டரி கேபிளைக் கழட்டி வை. மீதி நாளைக்கு.

ஒயர்மேன்
மார்ச் 3, காலை 7.15

நின்ற வண்டியில பேட்டரியை நேரா மாட்டக் கூடாது. ஹெட்லைட் லைனுக்கு இந்த வண்டியில ஃபியூஸே கிடையாது. எங்கேயாவது ஒயர் பாடியில உரசிக்கிட்டிருந்தா முதல்ல புகைதான் வரும்.

12 வோல்ட் 21 வாட் பல்ப் ஒண்ணு, ஹோல்டரோட. அதைப் பேட்டரியோட லைவ் முனைக்கும் கேபிளுக்கும் நடுவில போடு. மைனர் கடைசி வரைக்கும் பாசிட்டிவ் எர்த். பாடிக்குப் போறது பிளஸ், லைவ் மைனஸ். யாராவது இடையில மாத்தி வச்சிருக்காங்களான்னு கேபிளைப் பார்த்து உறுதிப்படுத்திக்கோ. பல்பு நடுவில இருக்கிற வரைக்கும் என்ன ஷார்ட் ஆனாலும் 1.75 ஆம்புக்கு மேல ஓடாது, ஒயர் வேகாது.

எல்லா சுவிட்சும் ஆஃப், கதவு மூடியிருக்கணும். பல்பு எரியலன்னா நல்லது. லேசா சிவந்தா எங்கேயோ கொஞ்சம் கரண்ட் கசியுது. முழுசா எரிஞ்சா நேர் ஷார்ட். அப்போ கன்ட்ரோல் பாக்ஸ்ல (டைனமோ சார்ஜைக் கட்டுப்படுத்தற பெட்டி) டி முனைக்கு டைனமோவிலிருந்து வர்ற ஒயரை முதல்ல கழட்டிப் பாரு. அந்தப் பெட்டிக்குள்ள டைனமோவைப் பேட்டரியோட சேர்த்துப் பிரிக்கிற சுவிட்ச்தான் கட்-அவுட்; அதோட பாயிண்ட் (தொடுமுனை) ஒட்டிக்கிட்டு பேட்டரி டைனமோவுக்குள்ள வடியறது நின்ற வண்டியில சகஜம். அது இல்லன்னா பழுப்பு ஒயர்களை ஒண்ணொண்ணா கழட்டு. எதைக் கழட்டினதும் பல்பு அணையுதோ அதுதான் ஆள்.

இந்தப் பல்போட ஸ்டார்ட் பண்ணப் பார்க்காதே, மோட்டார் அசையாது.

கட்அவுட்காரர்
மார்ச் 3, காலை 9.30

ஒரு சேர்க்கை. அந்தக் கட்-அவுட் பாயிண்டை என்னன்னு பார்க்க விரலால அழுத்திடாதீங்க. பேட்டரி மாட்டியிருக்கும்போது அழுத்தினா டைனமோ மோட்டாராகிச் சுத்தப் பார்க்கும், பாயிண்ட் அங்கேயே ஒட்டிக்கும்.

மைனர்66
மார்ச் 4, இரவு 10.20

பல்பு எரியல அண்ணே. பேட்டரி மாட்டிட்டேன், 12.6 காட்டுது. ஃபியூஸ் பாக்ஸ்ல ஏ1, ஏ2 முனைக்கு நடுவில இருக்கிற ஃபியூஸ் போயிருக்கு. பக்கத்துக் கடையில 35 ஆம்ப் கண்ணாடி ஃபியூஸ் இருக்குன்னாங்க. போட்டுடவா?

கட்அவுட்காரர்
மார்ச் 4, இரவு 10.50

நில்லுங்க. லூகாஸ் ஃபியூஸ்ல எழுதியிருக்கிற 35, அது உருகற கரண்ட். தொடர்ந்து தாங்கறது 17 ஆம்ப்தான். மற்ற கண்ணாடி ஃபியூஸ்ல 35ன்னா தொடர்ந்து 35 ஓடலாம்னு அர்த்தம். அதைப் போட்டா ஃபியூஸ் பத்திரமா இருக்கும், ஒயர் உருகும். 15 ஆம்ப் கிடைச்சாப் போடுங்க, அல்லது '17 தொடர்ச்சி, 35 உருகல்'னு ரெண்டும் எழுதினதை வரவழையுங்க. சுங்கை ரோடு பழஞ்சாமான் சந்தை 2017ல மூடினதிலிருந்து இந்த மாதிரி சில்லறைச் சாமான் கையில அள்ளற மாதிரி கிடைக்கறதில்ல.

ஒயர்மேன்
மார்ச் 5, காலை 6.50

ஃபியூஸ் போடறதுக்கு முன்னாடி ஏன் போச்சுன்னு பாரு. அதே 21 வாட் பல்பை ஏ1க்கும் ஏ2க்கும் நடுவில ஃபியூஸுக்குப் பதிலா போடு. ஏ2ல இருந்து ஊதா ஒயர் ஹார்னுக்கும் உள் விளக்குக்கும் போகுது. ஹார்னை அமுக்காமலே பல்பு எரிஞ்சா ஊதா ஒயர் எங்கேயோ பாடியைத் தொடுது. அமுக்கினா மட்டும் எரிஞ்சு ஹார்ன் 'டக்'னு ஒரு தரம் சொல்லி ஊமையானா, ஒயர் சரி, ஹார்னுக்குள்ள பாயிண்ட் துருவில ஒட்டிக்கிச்சு. அதிராம நேரா கரண்ட் குடிக்குது, அதான் ஃபியூஸ் போனது. பின்னாலிருக்கிற சின்ன அட்ஜஸ்ட் ஸ்குரூவை கால் சுத்து அப்படி இப்படித் திருப்பிப் பாரு, பெரும்பாலும் விட்டுடும். கடைசியா நல்ல ஃபியூஸ் போட்டு சரியான சத்தத்துக்கு வச்சுக்கோ. பல்பு நடுவில இருந்தா ஹார்ன் முழுசா கத்தாது.

12.6 வோல்ட்டை நம்பாதே. கந்தகம் படிஞ்ச பேட்டரியும் சும்மா இருக்கும்போது அதைக் காட்டும். ஹெட்லைட்டைப் போட்டு இரண்டு நிமிஷம் விட்டு அள. 12க்குக் கீழ வேகமா இறங்கினா முதல்ல பேட்டரியைக் கவனி. ஸ்டார்ட்டர் சுத்தும்போது 9.6க்குக் கீழ போகக் கூடாது.

ஒயர்மேன்
மார்ச் 5, இரவு 9.30

பிரேக் விஷயத்துக்கு வரேன். ரசிச்சுப் பார்க்க வேண்டிய கோளாறு இது.

பின்னால ஒரு விளக்குக் கிண்ணத்துல பிரேக் இழை, சிவப்பு டெயில் இழை, இண்டிகேட்டர் இழை மூணும் இருக்கு. மூணுக்கும் எர்த் ஒண்ணுதான்: கிண்ணம், அதைப் பாடியில பிடிக்கிற ஸ்குரூ. இடது கிண்ணத்துல அந்த எர்த் போச்சு. பிரேக் மிதிச்சதும் இழைக்குள்ள போன கரண்டுக்கு வெளியேற வழி இல்ல. அது இண்டிகேட்டர் இழை வழியா தலைகீழாப் போயி, பச்சை-சிவப்பு ஒயரைப் பிடிச்சு, வண்டியோட முன்பக்கம் வந்து, இடது முன் இண்டிகேட்டர் பல்பு வழியா எர்த் ஆகுது. மூணு 21 வாட் இழை வரிசையா நிக்குது; ஆளுக்கு நாலு வோல்ட் சொச்சம். அதான் முன்னால மங்கலா எரியுது.

சோதனை சொல்றேன். சைடு லைட் போடு, பின்னால போய் நில்லு, யாரையாவது பிரேக் மிதிக்கச் சொல்லு. நல்ல விளக்குல வெளிச்சம் கூடும். உன் இடது விளக்குல குறையும்.

ஏன் தெரியுமா? பிரேக் மிதிக்காத நேரத்துல டெயில் இழை (5 வாட்) எர்த் கிடைக்காம பிரேக் இழைக்குள்ள நுழைஞ்சு, பச்சை-ஊதா ஒயர் வழியா வலது பிரேக் பல்புக்குப் போயி அங்கே எர்த் ஆகுது. 21 வாட் இழைக்குத் தடை கொஞ்சம்தான், அதனால டெயில் லைட் கிட்டத்தட்ட முழுசா எரியும். பார்க்கிறவன் 'விளக்கு நல்லா இருக்கு'ன்னு நினைச்சுப்பான். பிரேக் மிதிச்சதும் அந்தத் திருட்டு வழி அடைபடும், டெயில் சாகும்.

மைனர்66
மார்ச் 6, இரவு 11.10

சொன்ன மாதிரியே குறையுது! மீட்டர்ல கிண்ணத்துக்கும் பேட்டரி பிளஸ்ஸுக்கும் நடுவில, பிரேக் மிதிச்சு அளந்தா 7.4 வோல்ட். வலது பக்கம் 0.08. ஆனா ஓம்ஸ்ல வச்சு இடது கிண்ணத்தை அளந்தா அப்பப்போ சுழியம் கிட்ட காட்டுதே? கிண்ணத்துக்குள்ள பல்லி முட்டை ஓடு ரெண்டு வேற.

ஒயர்மேன்
மார்ச் 7, காலை 7.05

பல்லி விழுந்த பலனுக்குப் பஞ்சாங்கத்துல பக்கம் இருக்கு, பல்ப் ஹோல்டர்ல முட்டை விட்டா என்ன பலன்னு போடல. எர்த் போகும்னு எழுதிக்கலாம்.

ஓம்ஸை விடு. மீட்டர் அனுப்பறது மில்லி ஆம்ப் கரண்ட். ஒரே ஒரு செம்பு இழை ஒட்டிக்கிட்டிருந்தாலும் அதுக்குப் பாதை தெளிவு. பிரேக் பல்பு கேட்கறது 1.75 ஆம்ப். விளக்கை எரியவிட்டு வோல்ட் இறக்கத்தை அளக்கறதுதான் அளவு. எர்த் பக்கம் 0.1, மிஞ்சிப்போனா 0.2. லைவ் பக்கம் பேட்டரியிலிருந்து பல்பு வரை மொத்தம் 0.5. அதுக்கு மேலன்னா நடுவில ஆள் ஒளிஞ்சிருக்கான்.

கிண்ணத்தைக் கழட்டு. பாடிக்கும் கிண்ணத்துக்கும் நடுவில ரப்பர் இருக்கு, அதனால ஸ்குரூ மட்டும்தான் எர்த். ஸ்குரூ உட்கார்ற இடத்துல ஒரு காசு அகலத்துக்கு பெயிண்டைச் சுரண்டி பளபளன்னு இரும்பு தெரியற மாதிரி செய். பல்லு வச்ச வாஷர் போட்டு இறுக்கு. இறுக்கின பிறகு மேலே கிரீஸ் தடவு, முன்னாடி இல்ல. அதோட கிண்ணத்திலிருந்து தனியா ஒரு கறுப்பு ஒயர், 1 சதுர மி.மீ., டிக்கிக்குள்ள நல்ல இரும்புல போல்ட் போட்டுடு. கம்பெனி செய்யாத வேலைதான், ஆனா நம்ம ஊர் ஈரத்துக்கு ஸ்குரூவை மட்டும் நம்பி இருக்க முடியாது.

ஹோல்டருக்குள்ள கீழே தள்ளற அட்டைத் தட்டும் ஸ்பிரிங்கும் தனியா வரும். ஸ்பிரிங் துருவில செத்திருந்தா பல்பு அழுந்தாது. பிரேக்-டெயில் பல்புல ரெண்டு பக்க ஆணியும் ஒரே உயரத்துல இருக்காது. யாரோ தலைகீழா பலவந்தமா நுழைச்சிருந்தா டெயில் பளிச்சுன்னும் பிரேக் மங்கலாவும் எரியும். அதையும் பார்த்துடு.

பச்சைஒயர்
மார்ச் 7, பகல் 12.40

இடையில நுழையறேன். எல்லாத்தையும் எல்இடி ஆக்கிட்டா இந்தத் தொல்லையே இல்லையே?

கட்அவுட்காரர்
மார்ச் 7, பகல் 1.15

பாசிட்டிவ் எர்த் வண்டியில சாதாரண எல்இடி பல்பு பல எரியாது, உறை மைனஸ்ன்னு நினைச்சுச் செஞ்சது. பாசிட்டிவ் எர்த்துக்குன்னே தனியா விற்கறதை வாங்கணும். அப்புறம் இந்த வண்டி ஃபிளாஷர் (இண்டிகேட்டரைச் சிமிட்ட வைக்கிற டப்பா) சூட்டுக் கம்பி வகை, ரெண்டு 21 வாட் பல்போட கரண்ட் ஓடினாத்தான் சிமிட்டும். எல்இடி போட்டா அசையாது. எலக்ட்ரானிக் ஃபிளாஷர் வாங்கினா அதுலயும் பாசிட்டிவ் எர்த் தொல்லை. எர்த் கெட்டதை எல்இடி மறைக்கும், தீர்க்காது.

ஒயர்மேன்
மார்ச் 7, இரவு 10.00

இடது இண்டிகேட்டர் சிமிட்டாததும் அதே கிண்ண எர்த்தான். பின் பல்புக்கு முழுக் கரண்ட் இல்ல, ஃபிளாஷருக்கு 42 வாட் கணக்கு வரல. ஃபிளாஷரைச் சந்தேகப்பட்டா பி, எல் ரெண்டு முனையையும் ஒரு ஒயரால சேர்த்துட்டு சுவிட்சைப் போடு. விளக்குகள் நிலையா, பிரகாசமா எரிஞ்சா மீதி எல்லாம் சரி, ஃபிளாஷர்தான் போச்சு. உனக்கு வலது சிமிட்டுதே, அதனால தொடாதே.

1961க்கு முந்தின மைனர்ல இந்தப் பேச்சே இல்ல. கதவுத் தூணிலிருந்து கை நீட்டற டிராஃபிகேட்டர். நின்ற வண்டியில அது பாதி தூக்கினபடியே மாட்டிக்கும், உள்ளே காயில் சுட்டுப் போகும். கீல்ல ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய், அவ்வளவுதான்.

மைனர்66
மார்ச் 9, இரவு 9.45

இடது பக்கம் முழுக்கச் சரி. இப்போ 0.06. ஹார்னும் ஸ்குரூ திருப்பினதுல விட்டுடுச்சு. சிம் லிம் டவர்ல பல்லு வாஷர், ஒயர், கிரிம்ப் எல்லாம் வாங்கிட்டேன். பேட்டரியையும் மாத்தியாச்சு. ஹெட்லைட்?

ஒயர்மேன்
மார்ச் 9, இரவு 10.30

எச்4 பல்பா (தனியா மாத்தற ஹாலஜன்), பழைய சீல்டு பீமா (கண்ணாடியோட ஒரே துண்டு)? எதுவானாலும் டிப் (தாழ்ந்த வெளிச்சம்) போட்டு மீட்டரோட ஒரு முனையைப் பேட்டரி லைவ்ல வச்சு, மறு முனையால வழி நெடுகத் தொட்டுட்டே போ: லைட் சுவிட்சுக்கு வர்ற பழுப்பு, சுவிட்சை விட்டு வெளியேறும் நீலம், கால் டிப் சுவிட்சைத் தாண்டின நீலம்-சிவப்பு, கிரில்லுக்குப் பின்னால் இருக்கற புல்லட் கனெக்டர் (குண்டு மாதிரி முனையை ஸ்லீவுல செருகற இணைப்பு), கடைசியா பல்பு முனை. ஒவ்வொரு இடத்துலயும் எவ்வளவு ஏறுதுன்னு எழுது.

மைனர்66
மார்ச் 10, இரவு 11.30

எச்4, 60/55. பேட்டரியில 12.2. பழுப்பு 0.2. சுவிட்ச் தாண்டி 1.1. டிப் சுவிட்ச் தாண்டி 1.9. புல்லட் தாண்டி 2.2. எர்த் பக்கம் தனியா 0.2. பல்புக்கு 9.8தான் கிடைக்குது.

ஒயர்மேன்
மார்ச் 11, காலை 6.40

தெளிவா எழுதின கணக்கு. சுவிட்ச் 0.9 தின்னுது, கால் சுவிட்ச் 0.8 தின்னுது. ரெண்டு டிப் பல்பு 110 வாட், ஏறத்தாழ 9 ஆம்ப். 0.9 வோல்ட்டை 9 ஆம்பால பெருக்கிப் பாரு: எட்டு வாட் சூடு அந்தச் சின்ன சுவிட்சுக்குள்ள. பத்து நிமிஷம் எரிச்சுட்டுத் தொட்டா கை சொல்லும்.

வோல்ட்டும் வெளிச்சமும் ஒண்ணுக்கொண்ணு சமமா இறங்காது. இழை பல்புல வோல்ட் பத்து சதவீதம் குறைஞ்சா வெளிச்சம் முப்பது சதவீதம் போகும். உனக்கு இருபது போச்சு, பாதி வெளிச்சம்கூட இல்ல.

கால் டிப் சுவிட்ச் தரையில இருக்கு, செருப்புத் தண்ணி முழுக்க அதுக்குள்ளதான் இறங்குது. கான்டாக்ட் கிளீனர் அடிச்சு ஐம்பது தரம் மிதி. 0.2க்கு வரலன்னா மாத்து. புல்லட்டைக் குறடால நேரா இழுக்கணும், ஒயரைப் பிடிச்சு இழுக்காதே. பச்சைக் களிம்பு புல்லட்ல மட்டும் இருந்தா பித்தளை பிரஷ் போதும். ஒயருக்குள்ள ஏறி செம்பு கறுத்திருந்தா பளிச்சுன்னு செம்பு வர்ற வரைக்கும் வெட்டிட்டு புது புல்லட். அளவு 4.7 மி.மீ., இங்கே பொதுவா கிடைக்கிற கிரிம்ப் புல்லட் இந்த ஸ்லீவுக்குள்ள லூசா ஆடும். வரவழைச்சுக்கோ. களிம்பைப் போக்க வினிகர், புளி ஊத்தற வேலை பூஜைச் சாமானோட இருக்கட்டும். அமிலம் இழைக்குள்ள தங்கி ஒரு மழைக்காலத்துல மறுபடி தின்னும்.

கட்அவுட்காரர்
மார்ச் 11, காலை 10.10

எச்4 இருக்கிறதால ரிலே (சின்ன கரண்டால பெரிய கரண்டைப் போட்டு அணைக்கிற சுவிட்ச்) போடறது உத்தமம். ரெண்டு 30 ஆம்ப் ரிலே, ஒண்ணு டிப், ஒண்ணு மெயின். பழைய நீல ஒயர்கள் ரிலே காயிலை மட்டும் இயக்கட்டும். பல்புக்கு 2 சதுர மி.மீ. ஒயர், ஸ்டார்ட்டர் சோலனாய்டில் பேட்டரி கேபிள் வர்ற முனையிலிருந்து 15 ஆம்ப் ஃபியூஸ் வழியா. காயிலுக்குக் குறுக்கே டையோடு இல்லாத ரிலே வாங்குங்க. டையோடு இருந்தா பாசிட்டிவ் எர்த்தில் முனை மாத்திக் கொடுக்கணும், மறந்தா டையோடு போயிடும். பழைய சுவிட்சும் பிழைக்கும், இதுவரை இல்லாத ஃபியூஸும் கிடைக்கும்.

ஒயர்மேன்
மார்ச் 11, இரவு 9.20

ரிலேக்கு எனக்கும் சம்மதம், ஆனா எர்த்தும் புல்லட்டும் சுத்தமான பிறகு. அழுக்கு மேல ரிலே போட்டா அழுக்கு அங்கேயே இருக்கும்.

இன்னொண்ணு. இந்த வண்டியோட சி40 டைனமோ கொடுக்கறது உச்சபட்சம் 22 ஆம்ப். மெயின் 10, சைடு விளக்குகள் கிட்டத்தட்ட 2, இக்னிஷன் காயில் 3 சொச்சம், வைப்பர் 2 சொச்சம். ஓடும்போது சமாளிக்கும். சிடிஇ விரைவுச்சாலையில மழையில நெரிசல்ல ஐடில்ல நின்னா டைனமோ ஒண்ணுமே தராது, எல்லாம் பேட்டரியிலிருந்துதான். 100 வாட் பல்பு போடற ஆசை வரும், வேண்டாம்.

வோல்ட் எல்லாம் சரியாகியும் வெளிச்சம் பரவலா, சோகையா இருந்தா ரிஃப்ளெக்டரைப் பாரு. ஈரத்துல பூச்சு கறுத்திருக்கும். துணியால துடைச்சா பூச்சே துணியோட வந்துடும். விளக்கையே மாத்தணும்.

மைனர்66
மார்ச் 15, இரவு 10.00

சுவிட்ச், புல்லட், எர்த் எல்லாம் சுத்தம். ரிலே போட்டேன். பல்புல 11.9. சார்ஜ் லைட்தான் பாக்கி. பெல்ட் இறுக்கமாத்தான் இருக்கு.

ஒயர்மேன்
மார்ச் 16, காலை 7.30

டைனமோவா கன்ட்ரோல் பாக்ஸான்னு பிரிக்கணும். டைனமோவில ரெண்டு ஒயரையும் கழட்டு. பெரிய முனை டி, சின்னது எஃப். ரெண்டையும் துண்டு ஒயரால சேர்த்து, அங்கேயிருந்து பாடிக்கு மீட்டர். ஸ்டார்ட் பண்ணி மெதுவா ஏத்து. ஐடிலைத் தாண்டி 1000 சுத்துக்குள்ள வோல்ட் சரசரன்னு ஏறணும். 20ஐத் தாண்ட விடாதே, முறுக்காதே. அரை, ஒரு வோல்ட்லயே நின்னா ஃபீல்டு (நிலையா இருக்கிற காந்தச் சுருள்) கோளாறு. நாலஞ்சுல நின்னா ஆர்மேச்சர் (சுத்தற சுருள்). ஒண்ணுமே இல்லன்னா முதல்ல பிரஷ்ஷைப் பாரு: நின்ற வண்டியில பிரஷ் கூட்டுக்குள்ள இறுகிக்கும், கம்யூட்டேட்டர் கறுக்கும்.

பிரஷ் நல்லா இருந்தும் வோல்ட் வரலன்னா காந்தம் செத்திருக்கு, எழுப்பணும். கன்ட்ரோல் பாக்ஸ்ல எஃப் ஒயரைக் கழட்டி, அந்த ஒயர் முனையால ஏ முனையை ரெண்டு மூணு தரம் தட்டு, சின்னதா பொறி வரும். அவ்வளவுதான். இங்கே இன்னொரு விஷயமும் தீரும்: யாராவது முன்னாடி நெகட்டிவ் எர்த்தா தட்டி வச்சிருந்தா அதுவும் திரும்பிடும்.

கட்அவுட்காரர்
மார்ச் 16, காலை 8.45

பாக்ஸிலிருந்து எஃப் ஒயரைக் கழட்டாம தட்டாதீங்க. கரண்ட், ரெகுலேட்டரோட பாயிண்ட் வழியா ஓடி அதைச் சுட்டுடும். அப்புறம் பாக்ஸோட இ முனை. அந்தக் கறுப்பு ஒயர் எர்த் இல்லன்னா ரெகுலேட்டர் காயில், கட்-அவுட் காயில் ரெண்டும் செத்தமாதிரி. டைனமோ கட்டுப்பாடில்லாம ஏறும், பேட்டரிக்குச் சொட்டு வராது. பாக்ஸை மாத்தறவங்க பாதிப் பேர் மாத்த வேண்டியது அந்த ஒரு ஸ்குரூவைத்தான்.

மைனர்66
மார்ச் 17, இரவு 9.50

டைனமோ முதல்ல சுழியம். பிரஷ் ஒண்ணு கூட்டுக்குள்ள இறுகி இருந்தது. சுத்தம் பண்ணி எஃப் தட்டினேன். இப்போ ஏறுது. எல்லாம் மாட்டி ஓட்டினா பேட்டரியில 13.9. ஆனா சிவப்பு லைட் வேகத்துலயும் முழுசா அணையல, இருட்டுல பார்த்தா மினுக்குன்னு தெரியுது. இன்னொண்ணு, கிளாசிக் வண்டிங்கறதால வருஷத்துக்கு 45 நாள்தான் ஓட்டலாம். மாடிக் கார்பார்க்ல பிளக் பாயிண்ட் இல்ல. பேட்டரிக்கு என்ன பண்ண?

ஒயர்மேன்
மார்ச் 17, இரவு 10.40

சிவப்பு லைட் ஒரு பக்கம் டைனமோ டி, மறு பக்கம் இக்னிஷன் வழியா பேட்டரி. ரெண்டும் சமமானா அணையும். சார்ஜ் வந்தும் மினுக்குதுன்னா நடுவில கட்-அவுட் பாயிண்ட் கொஞ்சம் வோல்ட் தின்னுது. பேட்டரியைக் கழட்டிட்டு, மெல்லிய கண்ணாடித்தாள் துண்டை பாயிண்டுக்கு நடுவில வச்சு ரெண்டு இழுப்பு, பிறகு ஸ்பிரிட் தொட்ட வெள்ளைத் தாளால ஒரு இழுப்பு. கட்-அவுட் பாயிண்டுக்கு எமரி கூடாது, துகள் அதுல பதிஞ்சுக்கும். ரெகுலேட்டர் பாயிண்டுக்குத்தான் கார்போரண்டம்.

பேட்டரிக்கு ஐசொலேட்டர் சுவிட்ச் (பேட்டரியை முழுசா துண்டிக்கிறது) ஒண்ணு எர்த் கேபிள்ல போடு. மாசம் ஒரு தரம் பேட்டரியைக் கழட்டி வீட்டுக்கு எடுத்துப் போய்ச் சார்ஜ் பண்ணு, ஜன்னல் திறந்த இடத்துல. கார்பார்க்ல சும்மா பத்து நிமிஷம் ஐடில்ல ஓட்டறதுல புண்ணியம் இல்ல, ஸ்டார்ட் பண்ணக் குடிச்சதையே டைனமோ திருப்பித் தராது. பக்கத்து வண்டியிலிருந்து ஜம்பர் ஒயர் போட நேர்ந்தா பிளஸ்ஸுக்குப் பிளஸ், மைனஸுக்கு மைனஸ். ரெண்டு வண்டியோட பம்பரும் தொட்டுக்கவே கூடாது. அவன் பாடி மைனஸ், உன் பாடி பிளஸ்.

மைனர்66
மார்ச் 19, இரவு 10.15

கண்ணாடித்தாள் இழுத்தேன், லைட் சுத்தமா அணைஞ்சிடுச்சு. பிரேக் லைட் மட்டும் இப்போ லேசா மிதிச்சா வரல, ஓங்கி மிதிச்சாத்தான் வருது. எர்த் 0.06லயே இருக்கு.

கட்அவுட்காரர்
மார்ச் 20, காலை 9.00

அது எர்த் இல்ல, பிரேக் லைனில் இருக்கிற ஆயில் அழுத்த சுவிட்ச். அதோட ரெண்டு ஒயரையும் சேர்த்துப் பாருங்க. பளிச்சுன்னு எரிஞ்சா சுவிட்ச் போச்சு. உள்ளே பாயிண்ட் தேஞ்சா இப்படித்தான் அழுத்தம் கூடக் கேட்கும், திறந்து பழுது பார்க்க முடியாது. புதுசை கையில வச்சுக்கிட்டுப் பழசைக் கழட்டுங்க, கீழே துணி விரிச்சுடுங்க, பிரேக் ஆயில் பட்ட இடத்துல பெயிண்ட் உரியும். மாத்தினதும் காத்து எடுத்துட்டுத்தான் வண்டியை நகர்த்தணும்.